பொண்ணழைப்புக்கு ஒரு கிளட்ச்

பாலக்காட்டு ரோட்டில் ஒரு கோழி லாரியை முந்தப் போய், முந்தவும் முடியாமல் பின்வாங்கவும் மனமில்லாமல் அதன் பக்கத்திலேயே அரை கிலோமீட்டர் கூட ஓடியது என் வாழ்க்கையில் நான் பட்ட பெரிய அவமானங்களில் ஒன்று. நாலாவது கியரில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தேன். இன்ஜின் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. கார் மட்டும் எனக்கென்ன வந்தது என்று அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. லாரி டிரைவர் ஜன்னலில் குனிந்து பார்த்து, போகிறாயா இல்லையா என்று கையால் கேட்டார். கூண்டிலிருந்த கோழிகளும் பார்த்தன.

"ஏனுங்க, என்னமோ கருகற வாசம் வருதுங்களே" என்றாள் பக்கத்திலிருந்த என் மனைவி. "அடுப்புல தோசக்கல்ல மறந்து வெச்சுட்டு வந்துட்டமா?"

தோசைக்கல் இல்லை. கிளட்ச். இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற தட்டு அது. தேய்ந்துவிட்டால் பிடிப்பு இல்லாமல் வழுக்கும், கருகும், கோழிகள் முன்னால் மானத்தை வாங்கும்.

என் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெளியே இருந்து பார்த்தால், பள்ளிக்கூட டீச்சர்கள் சாவகாசமாக ஓட்டிப் போகிற சின்ன டீசல் கார். நான் ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிறவன். மயிரிழை பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புவதே என் வேலை. அந்தக் குணத்தை வீட்டுக்கும் கொண்டுவந்து, ஐந்து வருடமாகக் காருக்குள் ஒவ்வொன்றாக மாற்றினேன். காற்றைத் திணித்து இன்ஜினுக்கு வலுவேற்றுகிற பெரிய டர்போ, புது ஏர் ஃபில்டர், அகலமான சைலன்சர், இன்ஜினின் மூளையான கம்ப்யூட்டருக்குப் புது புரோகிராம். கிளட்ச் மட்டும் கம்பெனி கொடுத்ததாகவே இருந்தது. அதுதான் இப்போது கையை விரித்துவிட்டது.

உக்கடம் பக்கத்துச் சந்தில் பட்டறை வைத்திருக்கும் பாய்தான் இதையெல்லாம் செய்து கொடுத்தவர். என் வயதுதான் அவருக்கும். பத்து வருடப் பழக்கத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. என் குரல் தாழ்ந்து அவர் கேட்டிருக்க மாட்டார்.

"உங்க டர்போ ஒதைக்கிற ஒதைக்கு, பாவம், இத்தன நாள் தாங்குனதே பெருசுங்ணா" என்று சொல்லி இரண்டு வழி காட்டினார். ஒன்று, முழு வட்டத்துக்கும் உராய்ந்து பிடிக்கிற தடித்த லைனிங் ஒட்டிய பிளேட்டும், அதை இறுக்கிப் பிடிக்கக் கொஞ்சம் வலுவான பிரஷர் பிளேட்டும். இன்னொன்று, லைனிங்குக்குப் பதில் ஆறு செம்புத் துண்டுகள் மட்டும் பதித்த ரேஸ் பிளேட். முதல் வகையில் காலை எடுக்க எடுக்கக் கார் மெல்ல நகரும். இரண்டாவதில் அந்தச் சமாதானமெல்லாம் கிடையாது. பிடித்தால் பிடித்தது, விட்டால் விட்டது. என் சுபாவமும் இதுதான் என்று என் மனைவி பிற்பாடு விளக்கினாள்.

செம்பு என்று நான் உடனே முடிவு கட்டிவிட்டேன். கார் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழுவில் அதை வைத்திருப்பவர்கள் பேசுகிற தோரணையே தனி.

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த மாசம் தங்கச்சி புள்ளைக்குக் கல்யாணம்னு சொன்னீங்களேங்ணா. பொண்ணழைப்புக்கு இந்த வண்டிதானே?"

ஆமாம், இதே வண்டிதான். கோபிசெட்டிபாளையத்தில் கல்யாணம். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும், மேளக்காரர்களுக்குப் பின்னால், நடக்கிற வேகத்தில் பெண்ணை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். தாய்மாமன் நான். உரிமை ஒரு பக்கம் இருக்கட்டும், அவளே மாமா காரில்தான் வருவேன் என்று சொல்லியிருந்தாள்.

"இருபத்தஞ்சு வருசமா ஓட்டறேன் பாய். என்ற காலுக்குத் தெரியாதா?"

"உங்க இஷ்டமுங்ணா" என்றார் பாய்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். இங்கே யாரும் யாரிடமும் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லுவதில்லை. 'உங்க இஷ்டமுங்க' என்றால், 'செய்யாதே, கெட்டுப் போவாய்' என்று அர்த்தம். நானே எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஆசை வந்தவனுக்குத் தாய்மொழிகூடப் புரிவதில்லை. பாய் அனுமதி கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு ஆர்டர் போட்டேன்.

பிளேட் வந்து, மாட்டியாயிற்று. அன்று மாலை பாலக்காட்டு ரோட்டில் காலை எடுத்ததும் கார் பாய்ந்த பாய்ச்சலில் நான் தனியாகவே சத்தம் போட்டுச் சிரித்தேன். அப்படியே வானத்தில் பறந்து கொண்டிருந்திருக்கலாம். ஊருக்குள் திரும்பி வர வேண்டியிருந்ததே, அதுதான் வினை. காந்திபுரம் சிக்னலில் மூன்று தடவை ஆஃப் ஆனது. நாலாவது தடவை முன்னால் நின்ற ஆட்டோவின் மேல் ஏறப் போனது. பின்னால் ஸ்கூட்டரில் வந்த அம்மணி, "ஏனுங்க, வண்டி ஓட்டப் பழகறீங்களா?" என்று அக்கறையாகத்தான் கேட்டார். வீட்டுக்கு வந்து காரை விட்டு இறங்கினால் இடது கால் தனியாக ஆடியது.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்துவிடலாம் என்று மனைவியைப் பின்சீட்டில் உட்கார வைத்துத் தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு தென்னந்தோப்புச் சாலைக்குப் போனேன். மணப்பெண்ணைப் போல நிமிர்ந்து உட்காரச் சொன்னேன். மடியில் தட்டு, தட்டில் தேங்காய் பழம் என்று அவளும் முறையாகவே தயாராகி வந்திருந்தாள். நடை வேகத்தில் ஓட்டினேன். கார் ஒரு அடி பாயும், நிற்கும். இன்னொரு அடி பாயும், நிற்கும். கண்ணாடியில் பார்த்தால், தலையாட்டிப் பொம்மை மாதிரி அவள் தலை முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தது. முதலில் எலுமிச்சம்பழம் உருண்டது. அப்புறம் தேங்காய்.

நூறு அடி பொறுமையாக வந்தவள் வாயைத் திறந்தாள். "ஒண்ணும் கொறையில்லீங்க. பொண்ணு மண்டபம் போய்ச் சேர்ற வரைக்கும் ஊருக்கெல்லாம் சரி சரின்னு தலையாட்டிட்டே வருவா. நல்ல அடக்கமான புள்ளன்னு மாப்பள ஊட்டுக்காரங்களும் நெனச்சுக்குவாங்க."

கொங்குக் குசும்பு என்பது வேறெங்கும் இல்லை, என் வீட்டில்தான் இருக்கிறது. கோபம் வந்து, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். தப்பை ஒப்புக்கொள்வதைவிட உரிமையை விட்டுவிடுவது எனக்குச் சுலபமாகத் தோன்றியது, அவ்வளவு திமிர். தங்கைக்குப் போன் போட்டு, கார் சரியில்லை, வேறு ஏற்பாடு செய்துகொள் என்றேன்.

"அதுக்கென்னங்ணா" என்றாள் தங்கை. "மாப்பள ஊட்ல பெரிய வெள்ளக் காரு அனுப்பறேன்னு சொல்லிட்டேதான் இருக்கறாங்க."

அவ்வளவு சுலபமாக அவள் சரி என்றது எனக்கு வலித்தது. ஒரு வார்த்தை கெஞ்சியிருக்கலாம். அரை மணி நேரத்தில் அவள் மகள் கூப்பிட்டாள்.

"மாமா, வெள்ளக் காருல எனக்குப் பக்கத்துல மாப்பளயோட பெரியம்மா உக்காந்து வருவாங்களாமுங்க. நான் குனிஞ்ச தல நிமிராம வரோணும். உங்க கார்னா நீங்களும் நானும் மட்டும்தானே. அந்தக் கார்ல ஏறி நான் சிரிக்காம எறங்குனதே இல்லீங்க மாமா. அன்னிக்கு ஒரு நாள் எனக்கு அது வேணுமுங்க. கார் வரலீன்னா சொல்லிப்போடுங்க, நான் நடந்தே வந்துக்கறேன்."

இந்தப் பெண் ஏறி உட்காருவதற்காக ஒரு கிளட்ச்சைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், முகம் தெரியாத நாற்பது பேர் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்குவதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. "கார் வரும் கண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை பட்டறை திறக்கும் முன்பே போய் நின்றேன். வெட்கத்தையெல்லாம் பாய் மேல் கோபமாக மாற்றிக்கொண்டு போயிருந்தேன். "வேண்டாம்னு ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமல்ல பாய்?"

பாய்க்கு நிஜமாகவே மனது நொந்துவிட்டது. "சொன்னனுங்களேங்ணா! உங்க இஷ்டம்னு அத்தன கடுசாச் சொன்னேன். அதுக்கு மேல எப்படீங்க ஒருத்தரப் பேசறது?"

இருவரும் டீ குடித்தோம். செம்பைக் கழற்றிவிட்டு, அவர் முதலில் காட்டிய முழு லைனிங் பிளேட்டையும் வலுவான பிரஷர் பிளேட்டையும் மாட்டினார். இந்த முறை ஒரு எச்சரிக்கையும் சேர்த்தார். புது லைனிங் பதமாக உட்காரும் வரை, எண்ணூறு கிலோமீட்டருக்கு அதட்டக் கூடாது. ஊருக்குள் கியர் மாற்றி மாற்றி மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். டர்போ வேலை செய்யுமளவுக்கு மிதிக்கவே கூடாது. மீறினால் லைனிங் கருகிவிடும்.

"இதுல என்ற இஷ்டம் ஏதாச்சும் உண்டா பாய்?"

"இல்லீங்ணா" என்றார். பத்து வருடத்தில் அவரிடமிருந்து நான் வாங்கிய முதல் 'இல்லை'.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இந்த ஜில்லாவில் பாக்கியில்லை. சீருக்குப் போர்வை எடுக்கச் சென்னிமலைக்கு நாற்பதில் போனேன். தவிட்டு மூட்டை ஏற்றிய டெம்போ முந்தியது. டவுன் பஸ்கள் முந்தின. அன்னூர் பக்கம் ஒரு டிராக்டர் முந்தியபோது, "ஏனுங்க, வணக்கம் சொல்லுங்க, தெரிஞ்சவங்களாட்டத்தான் சிரிக்கறாங்க" என்றாள் மனைவி. ஐந்து வருடம் சேர்த்த குதிரையை லாயத்தில் கட்டிவைத்தது போல எனக்கு உடம்பெல்லாம் நமைத்தது. இருந்தும் ஒரு தடவைகூட நான் மிதிக்கவில்லை. எண்ணூறு கிலோமீட்டர் முடிந்துவிட்டது; ஆனால் நெருக்கடிக்குத் தாங்குமா, மறுபடி வழுக்குமா என்று தெரியாமலேதான் கோபிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பொண்ணழைப்பு சாயங்காலம். காரெல்லாம் சாமந்தியும் மல்லியும். பின்சீட்டில் பட்டுப்புடவையும் நெற்றிச்சுட்டியுமாக அவள். முன்னால் மேளம், அதற்கு முன்னால் ஆடுகிற பையன்கள், இருபுறமும் சொந்தபந்தம். காலை எடுத்தேன். கார் நகர்ந்ததே தெரியவில்லை, அவ்வளவு மென்மை. மேளக்காரர் ஒரு எட்டு வைத்தால் நானும் ஒரு எட்டு. நின்றால் நானும் நின்றேன். பூ ஒரு இதழ் உதிரவில்லை. பாயைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. பெருமையாகக் கண்ணாடியில் பார்த்தேன்.

அவள் அழுதுகொண்டிருந்தாள்.

சத்தமில்லாமல், மை கலையாமல் விரல் நுனியால் ஒற்றிக்கொண்டு அழுதாள். என்ன கண்ணு என்றேன். ஒன்றுமில்லீங்க மாமா என்றாள். மண்டபம் நெருங்க நெருங்கக் கண்ணீர் அதிகமாயிற்று. கிளட்ச்சைச் சரி செய்துவிட்டேன், இதை எப்படிச் சரி செய்வது என்று தெரியவில்லை.

மண்டப வாசலில் என் தங்கை ஓடிவந்து, "சித்த இருங்கண்ணா, ஆரத்தி இன்னும் கரைக்கல, அஞ்சு நிமிசம்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். மேளம் ஓய்ந்தது. எல்லாரும் வாசலில் குவிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"பெல்ட்டப் போடு கண்ணு" என்றேன்.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் டக்கென்று சத்தம் கேட்டது.

மண்டபத்தைத் தாண்டி இடதுபுறம் வயலுக்கு நடுவே நேராகப் போகிற ரோடு. ஆளில்லை, வண்டியில்லை. இரண்டாவது கியரில் மிதித்தேன். பத்து நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து எழுந்தது. மூன்றாவது. வழுக்கவில்லை, கருகவில்லை, கவ்விப் பிடித்தது. எங்கள் இருவரையும் சீட்டோடு வைத்து அழுத்திற்று. சாமந்தி மாலைகள் பிய்த்துக்கொண்டு நெல் வயலுக்குப் பறந்தன. பின்னாலிருந்து ஒரு அலறல், அப்புறம் சிரிப்பு. அடிவயிற்றிலிருந்து வருகிற, அடக்கமே இல்லாத சிரிப்பு. "இன்னும் மாமா, இன்னும்!" என்றாள். வாய்க்கால் பாலம் வரை போய்த் திரும்பினோம்.

வாசலில் தங்கை ஆரத்தித் தட்டோடு நின்றாள். என்னைப் பார்த்த பார்வையில் ஆரத்தி கொதித்திருக்கும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா மொட்டையாக வந்து நின்ற காரைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு இறங்குகிற பெண்ணைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ, அவரும் சிரித்துவிட்டார். ஆரத்தி சுற்றினார்கள். மேளம் மறுபடி எழுந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் அவர்களோடு உள்ளே போய்விட்டாள்.

எல்லாரும் உள்ளே போன பிறகும் நான் இறங்கவில்லை. இன்ஜினை எப்போதோ நிறுத்தியிருந்தேன். கிளட்ச் மேலிருந்து காலை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. கண்ணில் நீர் நிற்காமல் வந்தது. நன்றாகவே அழுதேன்.

மனைவி வந்து கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், குசும்பு ஒன்றும் பேசவில்லை. முந்தானையை என் கையில் கொடுத்து, "எறங்குங்க" என்றாள். "அவ உள்ள போயிட்டாளுங்க."