கேட்க ஆளில்லாத கணக்கு

பெரியம்மா வீட்டுச் சமையல்கட்டுக் கதவின் உட்புறம் எப்போதும் சோக் தூளாகத்தான் இருக்கும். வெளிப்பக்கம் தோட்டத்து நிர்வாகம் அடித்துவிட்ட பச்சை வர்ணம். உட்பக்கம் அடுப்புப் புகையில் கறுத்துப்போன பலகை. "இதவிட நல்ல போர்டு நம்ம ஸ்கூல்லயே இல்ல புள்ள" என்று அதைக் கண்டுபிடித்தவள் அக்கா. வகுப்பறைத் தரையில் விழுந்து கிடக்கும் சோக் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். கதவைச் சாத்தினால்தான் எழுத முடியும். சாத்தினால் புகை வெளியே போகாது. கண் எரிய எரிய, இருமிக்கொண்டே இரண்டு பேரும் கணிதம் படித்தோம்.

அக்கா என்றால் பெரியம்மா மகள். என்னைவிட மூன்றே மாதம் மூத்தவள். ஒரே வகுப்பு. பசறை ரோட்டிலிருந்து உள்ளே ஏறிப் போகும் தோட்டம் எங்களுடையது. ஒரே லயத்து வீட்டு வரிசையில் அவர்களுடைய காம்பரா வீடு இந்த முனையில், எங்களுடையது அந்த முனையில். அந்த மூன்று மாதத்துக்காகக் காலம் முழுக்க 'அக்கா' என்று கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று எனக்குச் சின்ன வயதில் ஒரு பொருமல் உண்டு. பொறாமைக்காரிக்கு மூன்று மாதம் போதும்.

அவள் படிக்கிற விதமே தனி. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்காரவே மாட்டாள். எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நான் "புரியல" என்று சொல்ல வேண்டும். அதுதான் என் வேலை. அதை நான் மிகச் சிறப்பாகச் செய்தேன், ஏனென்றால் உண்மையாகவே எனக்குப் புரியாது. நான் புரியவில்லை என்றதும் அவள் முகம் ஒரு மாதிரி விழித்துக்கொள்ளும். கதவில் எழுதியதை முழங்கையால் அழித்துவிட்டு வேறு வழியில் ஆரம்பிப்பாள். வட்டத்தின் மையத்தில் ஒரு வில் எதிரமைக்கும் கோணம் பரிதியில் எதிரமைக்கும் கோணத்தைப் போல் இருமடங்கு என்ற தேற்றத்தை மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் தலையாட்டி மறுத்தேன். நான்காவது முறை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்துக்கே போய்விட்டாள். "நடுவில நில்லு. கோயிலப் பாரு. இப்ப ஸ்டோரப் பாரு. எம்புட்டுத் தலையைத் திருப்புன? இப்ப அந்த ஓரத்துக்குப் போயி நின்னு திரும்பப் பாரு. பாதி திருப்புனாப் போதும்ல?" கோயிலும் தேயிலை ஸ்டோரும் வட்ட மைதானத்தின் ஓரத்திலேயே இருந்தன. எனக்குப் புரிந்தது. அதைவிட முக்கியம், அவளுக்கும் அந்த நொடியில்தான் புரிந்தது. "அட, இதுதானா!" என்று எனக்கு முன்னால் கத்தியவள் அவள்தான். அவள் தனக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லவில்லை, எனக்குச் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள் என்பது அன்றைக்கு எங்கள் இருவருக்குமே தெரியாது.

ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சை வருகிற வருடம் அது. கணிதம் தவறினால் உயர்தரம் கிடையாது. உயர்தரம் இல்லாவிட்டால் அம்மாவுக்குப் பின்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டியதுதான். இதை எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒரு நாள் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா என் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எம்மக ஒம்மகளுக்கும் சேத்துல்ல படிக்கிறா." அம்மாவும் சிரித்தார். வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற நானும் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை சுருக்கென்று தைத்துவிட்டது. வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இனி அவள் வீட்டுப் படி ஏறுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பதுளையில் சனிக்கிழமை வகுப்பு ஒன்றில் அப்பா என்னைச் சேர்த்தார். அவருடைய தங்கை வீடு டவுனில் இருந்ததால் எனக்கு அந்த வசதி. திரும்பி வந்த அன்று மாலை அக்கா சோக் துண்டோடு காத்திருந்தாள். நான் அவள் வீட்டுப் படி ஏறாமல் வாசலில் நின்றபடியே சொன்னேன்: "சேந்து படிக்கக் கூடாதாம். டியூஷன் சார் சொன்னாரு. வாயால படிச்சா மண்டையில நிக்காதாம். வாய மூடிக்கிட்டு எழுதித்தான் படிக்கணுமாம்."

சார் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் அன்று மடக்கை அட்டவணை பார்க்கச் சொல்லிக் கொடுத்தார், அவ்வளவுதான். அந்தப் பொய்யை நான் பஸ்ஸில் வரும்போதே வளைவுக்கு வளைவு உட்கார்ந்து செய்துகொண்டு வந்தேன்.

அக்கா நம்பினாள். டவுன் சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். "அப்படியா? பரவால்ல, நீ எழுதிப் படி" என்றாள். அதற்குப் பிறகு பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. பழக்கம் விடாமல் முதலில் பெரியம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தாளாம். நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்த மனுஷி எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப் போவாராம். சரி என்கிறவரிடம் எதைக் கற்றுக்கொள்வது? அப்புறம் வாயை மூடிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். ஒரு நாள் உப்பு கடன் கேட்கப் போனபோது கதவைப் பார்த்தேன். நான் போவதை நிறுத்திய அன்று எழுதிய அதே கணக்கு, பாதியில் நின்றது நின்றபடி இருந்தது. உப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பரீட்சையில் அந்த வட்டத் தேற்றம் வந்தது. மண்டபத்தில் உட்கார்ந்தபடி, மைதானத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, தலையைக் கோயில் பக்கமும் ஸ்டோர் பக்கமுமாகத் திருப்பிப் பார்த்தேன். காப்பி அடிக்கிறேனோ என்று மேற்பார்வையாளர் முறைத்தார். எனக்குக் கணிதத்தில் 'சி', நல்ல தேர்ச்சி. அக்காவுக்கு 'டபிள்யூ', தவறிவிட்டாள். மற்றப் பாடங்களில் எல்லாம் என்னைவிட நல்ல பெறுபேறு அவளுக்கு. இரண்டாம் தடவையும் எழுதினாள், அதே வாயை மூடிய படிப்போடு. மறுபடி 'டபிள்யூ'. அடுத்த மாதமே பெரட்டில் பெயர் பதிந்தாள். நான் பண்டாரவளைக்கு உயர்தரம் படிக்கப் போனேன்.

இப்போது நான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். மாணவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள், எந்த உத்தியால் கற்கிறார்கள் என்பதுதான் என் தலைப்பு. தோட்டப் பாடசாலைகளுக்கு மல்டிமீடியா புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போகிறேன். 'பிறருக்கு விளக்கிக் கற்றல்' என்ற தலைப்பைத் திரையில் போட்டு, கேட்கிறவர் கேள்வி கேட்டால்தான் விளக்குகிறவருக்கு அறிவு தெளியும் என்கிறேன். ஆசிரியர்கள் குறித்துக்கொள்கிறார்கள். "உதாரணம் அருமை மிஸ்" என்று மைதானத்துக் கதையைப் பாராட்டுகிறார்கள். அது யாருடைய உதாரணம் என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது வெட்கமாக இருக்கிறது. இருந்தும் விட்டுவிட மனமில்லை, அவ்வளவு நல்ல உதாரணம்.

போன பௌர்ணமிப் போயா லீவுக்கு அக்காவைப் பார்க்கப் போனேன். அதே லயம்தான். அவளுடைய மகள் இந்த வருடம் ஓ.எல். எழுதுகிறாள். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே பிள்ளை சுவரைப் பார்த்து யாருக்கோ பாடம் நடத்துவதுபோல் சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தாள். குரல்கூட அந்தக் கால அக்காவின் குரல் அப்படியே. அக்கா உள்ளே திரும்பி அதட்டினாள்: "ஏய், வாய மூடிக்கிட்டுப் படி! வாயால படிச்சா மண்டையில நிக்காது. சித்தியப் பாரு, அப்படி எழுதி எழுதிப் படிச்சுத்தான் இன்னைக்கு இந்த நெலமைக்கு வந்திருக்காங்க."

பிள்ளை டக்கென்று வாயை மூடிக்கொண்டாள்.

எத்தனையோ பயிற்சி வகுப்பு நடத்திய நான் குனிந்து கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன். எழுந்து போய்விடலாமா என்றும் தோன்றியது, அதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் உள்ளே நிலவிய அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

"அக்கா, அவ சத்தமாப் படிக்கட்டும்" என்றேன்.

"ஒனக்குத் தெரியாதா? ஒங்க டியூஷன் சாருதானே சொன்னாரு."

"அவரு சொல்லலக்கா. நாந்தான் சொன்னேன். பொய் சொன்னேன்."

பீலியில் பெரியம்மா சிரித்ததில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பயிற்சி வகுப்பில் அவளுடைய மைதானத்தைச் சொல்லிக் கைதட்டு வாங்குவதையும் சொன்னேன். அவள் கையில் கீரைத் தண்டு அப்படியே நின்றது. தேயிலைச் சாயம் ஏறிக் கறுத்த விரல்கள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் ஆசைப்பட்டேன்.

"அப்ப நான் மண்டு இல்லையா?" என்று கேட்டாள்.

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். இரண்டு தடவை தவறிய பிறகு தன்னைப் பற்றி அவள் எடுத்த முடிவு அது. அதோடுதான் இத்தனை வருடம் கூடை தூக்கியிருக்கிறாள்.

"இல்லக்கா. நம்ம ரெண்டு பேருல கெட்டிக்காரி நீதான்."

"இந்தப் புள்ளைக்கும் எம்மண்டைதான் வந்திருச்சோன்னு தெனம் பயந்துக்கிட்டு இருந்தேன்டி" என்றாள். குரல் உயரவில்லை. கீரைச் சுளகை ஓரமாக நகர்த்தி வைத்தாள். கையை உதறிக்கொண்டு எழுந்து உள்ளே போய் மகளுக்கு எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"ம், சொல்லு. எனக்குச் சொல்லு" என்றாள்.

நான் வாசலிலேயே இருந்தேன். என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.