நான் வெட்டிய பத்து நிமிடம்

ஒழுங்கின்மைக் கோட்பாடு பற்றி இரண்டு நாள் பயிற்சி என்று நிர்வாகம் என்னை ஜொகூர் பாருவுக்கு அனுப்பியபோது, ஹோட்டல் சாப்பாட்டுக்காகத்தான் போனேன். நிறுவனம் ஓர் இயந்திரம் அல்ல, வானிலை மாதிரி என்றார் பயிற்சியாளர். எந்தத் திட்டமும் முழுதாகப் பலிக்காது. சின்ன மாற்றம்கூட எங்கோ பெரிதாக வெடிக்கும் என்றார். திட்டம் போட்டே சம்பளம் வாங்குகிறவள் நான். சின்ன மாற்றம் பெரிய பலன் தரும் என்பது மட்டும் என் மண்டையில் ஏறியது.

மாசாய்க்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. காலையில் ஷிப்ட் மாறும்போது இரண்டு அணியும் பத்து நிமிடம் சேர்ந்து நிற்கும். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு வம்பளப்பார்கள். வீண் நேரம் என்று, பயிற்சியிலிருந்து வந்த சூட்டோடு அதை அட்டவணையிலிருந்து வெட்டினேன். மேனேஜர் பாராட்டினார்.

மூன்றே வாரத்தில் கோணல் மூடிகள் பெட்டி பெட்டியாகக் குவிந்தன. எந்த மெஷின் மக்கர் பண்ணுகிறது என்பதை அந்த வம்புக்கு நடுவில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். எனக்கு அது தெரியாது, கேட்கவும் இல்லை. பழி காலை ஷிப்டின் லைன் லீடர் அக்கா மேல் விழுந்தது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இன்னொன்று வந்தால் லீடர் பதவி போய்விடும்.

கூட்டத்தில் மேனேஜர் என்னிடம் காரணம் கேட்டார். பல காரணங்கள் சேர்ந்து வந்தது, இதுதான் என்று பிரிக்க முடியாது என்றேன். பயிற்சியில் சொன்னதுதான். அது பொய்யா? இன்றுவரை தெரியவில்லை. என் தலை தப்பியது.

சத்தமில்லாமல் பத்து நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கோணல் மூடிகள் குறையவில்லை. எடுத்ததால் வந்தது, கொடுத்தால் போக வேண்டாமா? ஒன்றும் புரியாமல் அக்காவிடமே போய்க் கேட்டேன்.

"லெட்டர் வந்ததுலேருந்து ரெண்டு ஷிப்டும் ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டுக்கிட்டாங்க. இப்ப நேரம் இருக்கு, பேசறதுக்குத்தான் ஆள் இல்ல லா," என்றார்.

அவர் கையில் இரண்டாவது கடிதம் இருந்தது. அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அந்தப் பத்து நிமிஷத்த யாரும்மா எடுத்தாங்க? உங்களுக்குத் தெரியுமா?"

வெட்கமாக இருந்தது. வாயைத் திறந்தேன்.

"பல காரணம் இருக்குக்கா," என்றேன்.

அவர் நம்பிவிட்டார்.