ஒத்துக்கொள்ளச் சொன்னவன் நான்

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு புதன்கிழமை காலை. பினாங்கு ஜார்ஜ்டவுன் நீதிமன்றத்துக்கு என் மனைவியைக் கைவிலங்குடன் அழைத்து வந்தார்கள். லோக்கப்பில் கொடுத்த ஊதா நிறச் சட்டை அவளுக்கு இரண்டு அளவு பெரிதாக இருந்தது. மூன்று நாளாகத் தலை வாரவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "புள்ளைங்க ஸ்கூலுக்குப் போனாங்களா?" என்பதுதான்.

நாங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். நான் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மனைவி அப்போது தினமும் ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போய், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது எல்லாம் அவள் வேலை. அங்கிருந்த ஒரு சீன மூதாட்டிக்கு இவளிடம் தனிப் பிரியம். வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கமாட்டாராம்.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை இரவு, உடை மாற்றும்போது அவருடைய கழுத்துச் சங்கிலியைக் காணோம். அவருக்கோ ஞாபக மறதி, கேட்டால் சொல்லத் தெரியாது. காலையில் அவரைக் குளிப்பாட்டியவள் என் மனைவி. அறையை விட்டு வரும்போது அவள் எதையோ கைப்பைக்குள் போடுவது கேமராவில் பதிவாகியிருந்தது. அது அவளுடைய கைப்பேசி. படத்தில் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. மறுநாள் காலை போலீஸ் வீட்டுக்கு வந்தது.

இலவசச் சட்ட உதவியில் எங்களுக்குக் கிடைத்தவர் ஓர் இளம் தமிழ்ப் பெண் வழக்கறிஞர். அரசுத் தரப்பிடம் பேசிவிட்டு வந்து விளக்கினார். வேலை செய்யும் இடத்திலேயே திருடியதாகக் குற்றச்சாட்டு. நிரூபணமானால் சிறை நிச்சயம். ஒப்புக்கொண்டால், அதைவிடச் சிறிய குற்றமாக மாற்றி அபராதத்தோடு முடித்துக்கொள்ள அவர்கள் தயார்.

"அபராதத்தக் கட்டிட்டு இன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். ஆனா குற்றப் பதிவு பேர்ல நின்னுடும். எதையும் மறைக்காம சொல்லணும்னுதான் சொல்றேன். நீங்க எடுக்கலன்னா ஒத்துக்காதீங்க அக்கா. நானும் ஒத்துக்க விடமாட்டேன்" என்றார்.

"எடுக்கல" என்றாள் என் மனைவி.

நான் குறுக்கே விழுந்தேன். வழக்கறிஞரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவளிடம் கெஞ்சினேன். "இன்னைக்கே முடிஞ்சிடும்லா. கேஸ் நடந்தா எத்தன மாசம் இழுக்கும்னு தெரியாது. தோத்துட்டா ஜெயில். புள்ளைங்கள யாரு பாக்குறது? ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நீங்களும் நான் எடுத்திருப்பேன்னு நெனைக்கிறீங்களா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை. அந்த மாதம் வீட்டு வாடகைக்கு நாங்கள் அல்லாடிக்கொண்டிருந்தோம். ஒருவேளை... என்று ஒரு நினைப்பு மூன்று நாளாக எனக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பதினான்கு வருடம் என்னோடு வாழ்ந்தவள். என் மௌனம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "சரி, வாங்க. கூப்புடுறாங்க" என்று மட்டும் சொன்னாள்.

கூண்டில் ஏறி நின்றாள். மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்துவிட்டு, ஒப்புக்கொள்கிறாயா, விசாரணை கேட்கிறாயா என்றார். அவள் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை.

"நான் எடுக்கல. விசாரண கேக்குறேன்."

ஜாமீனில் அழைத்து வந்தேன். வேலை போய்விட்டது. பக்கத்து வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். வழக்கு ஒத்திவைப்புக்கு மேல் ஒத்திவைப்பாகப் போனது. ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள். "சனிக்கிழமைனா மத்தியானம் பாட்டுப் பாட சர்ச்சுலேர்ந்து ஒரு குரூப் வருவாங்க. நான் ரெண்டு மணிக்கு வேல முடிஞ்சு கெளம்புறப்பதான் கித்தார் தூக்கிக்கிட்டு எறங்குவாங்க. ஃபோட்டோ எடுத்துக்கிட்டே இருப்பாங்கலா!"

எந்தத் தேவாலயத்துப் பிள்ளைகள் என்று அவளுக்குத் தெரியாது. முதியோர் இல்லத்தில் கேட்கவும் முடியாது, அந்தப் பக்கமே போகக்கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. வழக்கறிஞர் கேட்டும் இல்லத்தில் விவரம் தரவில்லை; யார் என்று தெரிந்தால் உடனே சொல்லுங்கள் என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தீவில் ஒரு தேவாலயத்து வாசல். ஆராதனை முடிந்து வெளியே வருகிற பிள்ளைகளிடம் போய்த் தன் கதையைச் சொல்லிக் கேட்பாள். திருட்டு வழக்கு என்றதும் சிலர் விலகிப் போவார்கள். எனக்குக் கூனிக்குறுகிப் போகும். அவள் அடுத்தவரிடம் போய்விடுவாள்.

ஆறாவது ஞாயிறு, ஒரு சீனப் பெண் தன் கைப்பேசியில் தேடித் தேடி ஒரு படத்தை நீட்டினாள். "இந்த ஆன்ட்டியா?" என்று மலாய் மொழியில் கேட்டாள். மூதாட்டி கை தட்டிக்கொண்டிருக்கிறார். கழுத்தில் சங்கிலி. படம் எடுத்த தேதி அந்தச் சனிக்கிழமைதான், நேரம் மாலை மூன்று நாற்பது. என் மனைவி அன்று இரண்டு மணிக்கே வேலை நேர அட்டையைத் தட்டிவிட்டு வெளியேறியிருந்தாள்.

தேவாலய வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். இத்தனை மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

எங்கள் வழக்கறிஞர் அதை அரசுத் தரப்பிடம் கொண்டுபோனார். அரசு வழக்கறிஞரும் தட்டிக்கழிக்கவில்லை. படம் எடுத்த பெண்ணிடம் போலீஸ் மூலம் வாக்குமூலம் வாங்கி, வேலை நேர அட்டையையும் சரிபார்த்து, வழக்கை அவராகவே திரும்பப் பெற்றுக்கொண்டார். மாஜிஸ்திரேட் என் மனைவியை முழுமையாக விடுவித்தார். சங்கிலியை யார் எடுத்தார்கள், இல்லை அது எங்கேயாவது விழுந்துவிட்டதா, இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஒரு வருஷம் எடுத்துக்கிட்டீங்க கேக்க" என்றாள். அப்புறம் சாப்பாடு போட்டாள். இப்போது வேறொரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள்.

யாராவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பேப்பரில் செய்தி வந்தால், "செய்யாமயா ஒத்துக்குவான்?" என்பார்கள் வேலையிடத்தில். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். பயத்திலும் அவசரத்திலும், பக்கத்தில் நிற்பவரின் கெஞ்சலிலும் ஒரு மனுஷன் எதையும் ஒத்துக்கொண்டுவிடுவான் என்று இப்போது எனக்குத் தெரியும். கட்டிய கணவனே நம்பாத நேரத்தில், "நான் எடுக்கல" என்று தனியாக நின்று சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்பதும் தெரியும்.