கறி வேண்டாம் என்ற மாமா

எங்கள் வீட்டில் கறி வேகும் நாளை மாமா வந்திறங்கும் பஸ்தான் முடிவு செய்யும். அம்மாவின் அண்ணன் அவர். கொல்லிமலையை விட்டு இறங்கிப்போய்க் காரவள்ளியில் கோழிப்பண்ணை வைத்தவர். வரும்போதெல்லாம் இரண்டு கோழிகளைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு வருவார். சாப்பிட உட்கார்ந்தால் எலும்பைக்கூட மிச்சம் வைக்கமாட்டார். எங்கள் பூனைக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

தங்கை வீட்டுக்கு அண்ணன் கொண்டுவந்து கொடுப்பாரே தவிர, அங்கிருந்து ஒரு பிடி தானியம்கூட எடுத்துப்போகமாட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அந்தக் கோடையில் மாமா வெறுங்கையோடு வந்து நின்றதும் எனக்குத் திக்கென்றது. அம்மா கொல்லையில் திரிந்த எங்கள் சேவலைப் பிடித்து அடித்துக் குழம்பு வைத்தாள்.

இலை போட்டதும் ஈரலை எடுத்து முதலில் மாமாவுக்கு வைக்கப் போனாள். அவர் இலைக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

"எனக்குக் கறி வேண்டாம் கண்ணு. மொச்சைக் கொழம்பு இருந்தா ஊத்து."

உறவை முறித்துக்கொள்ள வந்தவன்தான் எங்கள் ஊரில் வைத்த கறியை ஒதுக்குவான். அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

"ஏனுங்க மச்சான், எங்க மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க மாப்ள. கோழிக்குத் தண்ணி எறைச்சு எறைச்சே சுத்தியிருக்கற கெணறெல்லாம் வத்திப்போச்சு. பக்கத்துக் காட்டுச் சனமெல்லாம் கொடத்தைத் தூக்கிட்டு ரோட்டுல நிக்குதுங்க. அதைப் பாத்ததுல இருந்து கறி தொண்டையில எறங்கலீங்க. பண்ணையை மூடிட்டேன்."

பண்ணையை மூடியது எனக்கு உறைக்கவே இல்லை. எங்கள் மாமா கறியை வேண்டாம் என்கிறார், உலகத்தில் இனி எதை நம்புவது என்று அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அவரோ சாமைச் சோற்றில் மொச்சைக் குழம்பைப் பிசைந்து, மறுசோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஈரல் என் இலைக்கு வந்தது. அதிர்ச்சியோடு அதையும் தின்று தீர்த்தேன்.

கிளம்பும்போது மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து அம்மாவின் முன்னால் விரித்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் மொச்சையும் சாமையும் வெதைக்குக் குடு சாமி. மழையை நம்பி வெதைச்சுப் பாக்கறேன். எங்க ஊட்டுல இனி அதுதான் சோறும் கொழம்பும்."

அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அம்மா வள்ளத்தில் அளந்து துண்டில் கொட்டினாள். அண்ணனையே பார்த்தபடி கொட்டியதில் பாதி விதை தரையில் சிந்தியது. மாமா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி முடிந்துகொண்டார்.

பஸ் போன பிறகு அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மாமா வெறுங்கையோடு வந்ததற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த முறை நிச்சயம் கோழி கொண்டுவருவார் என்று அவளுக்குத் தேறுதல் சொன்னேன். அவர் கைநிறைய வாங்கிக்கொண்டு போனதற்காக அழுதாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.