மாடி வீட்டுக் கிட்டார்

இரண்டு வருடங்களுக்கு முன், திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் நடந்தது இது. எங்கள் குடியிருப்பின் மாடி வீட்டில் ஒரு மலையாளி இருந்தார். அறுபதைத் தாண்டியவர். கோவளம் ஹோட்டல்களில் ஜாஸ் கிட்டார் வாசிப்பதுதான் பிழைப்பு. எனக்கு ஜாஸ் என்றால் அன்றும் தெரியாது, இன்றும் அரைகுறைதான்.

என் அம்மாவுக்கு மறதி நோய். என்னையே சில நாள் "நீ யாராத்துப் பொண்ணு?" என்பாள். ஒரு நாள் நான் குக்கரை இறக்குவதற்குள் கதவைத் திறந்துகொண்டு எங்கோ போய்விட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. தெருவெல்லாம் தேடிவிட்டு வந்தால், மாடியில் அவர் கிட்டார் வாசிக்க, எதிரே ஜம்மென்று உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு, மாமி படியேற வேண்டாம் என்று அவரே கீழே வர ஆரம்பித்தார். சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும் முன் எங்கள் ஹாலில் கொஞ்ச நேரம் வாசிப்பார். அம்மாவுக்குப் பிடித்த ஒரே பாட்டுதான், தினமும். நீங்கள் யார், எந்த ஊர் என்று அம்மாவும் தினமும் விசாரிப்பாள். அவரும் முதல் நாள் மாதிரியே பதில் சொல்வார். எனக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

"சாரமில்ல மோளே, பரவாயில்ல, என்னை தினமும் புதுசா கேக்க ஒரு ஆள் வேண்டாமா?" என்று சிரிப்பார்.

ஒரு காலையில் மாரடைப்பில் போய்விட்டார். அம்மாவிடம் சொன்னேன். தேம்பித் தேம்பி அழுதாள். மறுநாள் சாயங்காலம் வாசலைப் பார்த்து, "வாசிக்கறவர் இன்னும் வரலையே" என்றாள். மறுபடியும் சொன்னேன். அப்போதுதான் கேட்கிற மாதிரி, மறுபடியும் அதே அழுகை. பெற்றவளைத் தினமும் எப்படி இப்படி வதைப்பது? மூன்றாம் நாள் பொய் சொன்னேன். வெளியூர்க் கச்சேரிக்குப் போயிருக்கிறார், உனக்காக அங்கேயிருந்து வாசித்து அனுப்பியிருக்கிறார் என்று. அவர் மனைவியிடம் அதே பாட்டின் பதிவு ஒன்று இருந்தது. அதை வாங்கி மொபைலில் போட்டேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். அப்பாடா என்றிருந்தது.

சில நாட்கள் இப்படியே ஓடின. ஒரு சாயங்காலம், பாட்டு பாதியில் இருக்கும்போது அம்மாவின் தாளம் நின்றது.

"இது நேத்திக்கு வாசிச்சதுன்னா?"

"இல்லைம்மா, இன்னிக்குத்தான் அனுப்பினார்."

"நேத்திக்கும் இந்த இடத்துல இப்படியேதான் இறங்கினார். அவர் ஒரு நாளும் ஒரே மாதிரி வாசிக்க மாட்டாரே." என் முகத்தையே பார்த்தாள். "அவருக்கு என்னமோ ஆயிடுத்து. நீ மறைக்கறே."

காலையில் சாப்பிட்டதே நினைவில்லாதவள் அவள். தினமும் அதே பாட்டு என்றுதானே அடுக்களையில் காபி கலந்துகொண்டே நான் நினைத்திருந்தேன்? அவர் அதை ஒவ்வொரு நாளும் வேறு வேறாக வாசித்திருக்கிறார். அது அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. மொபைலை நிறுத்திவிட்டு அவள் மடியில் தலை வைத்து, அவர் போனதிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதேன். நான் எதற்கு அழுகிறேன் என்பது அவளுக்கு மறந்துபோன பிறகும், அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

இப்போது அம்மா கேட்டால் நான் பொய் சொல்வதில்லை. போய்விட்டார் அம்மா என்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்து அழுகிறோம். அவளுக்கு அது ஒவ்வொரு தடவையும் புதுச் செய்தி; எனக்கும் இன்னும் பழகவில்லை.