மேலிருந்து தெரியவேண்டிய கூரை

கட்டிட அலுவலகத்தில் எனக்கு மேசை இருந்தது. சம்பளமும் இருந்தது. கட்டுவதற்குத்தான் ஒன்றும் இருக்கவில்லை. சண்டைக் காலம். அரசாங்கம் தடை என்று சொல்லிச் சீமெந்தையும் கம்பியையும் யாழ்ப்பாணத்துக்குள் விடாமல் நிறுத்தி வருடங்களாகியிருந்தன. வரைந்த படங்களைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் போட்டோம். கறையான் அரித்தது. அதற்கும் விளக்கம் எழுதச் சொன்னார்கள்.

அந்த நாட்களில் கொழும்புத்துறைப் பக்கத்து மீன்பிடிச் சங்கத்தார் மாதாகோயில் பங்குச் சுவாமியாரோடு வந்து ஒரு கண்காட்சி மண்டபம் கேட்டார்கள். தடைக்குள் சனம் தாங்களே செய்து பழகிய சாமான்களை வைத்துக் காட்டவும் விற்கவும். துணி தோய்க்க வீட்டில் காய்ச்சிய சவர்க்காரம், ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவில் பாடும் ரேடியோ, இப்படி.

“உள்ளதை வைச்சுக் கீறுங்கோ ஐயா” என்றார் சங்கத் தலைவர்.

கீறினேன். மேலதிகாரி ஒருவரும் கை வைக்காமல் என் விருப்பப்படி நான் வரைந்த ஒரே கட்டிடம் அதுதான். காணி கடலேரிக் கரையில், பனைகளும் தாழம்பற்றையுமாக இருந்தது. ஒரு பனையையும் வெட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். மண்டபம் பனைகளுக்கு இடையில் வளைந்து போனது. சுவர் கடலில் எடுத்த முருகைக்கல்லும் களிமண்ணும். கூரை பனையோலை. தோளளவுக்குத் தாழ இறக்கியிருந்தேன். ஒரு மழை பெய்து ஓலை சாம்பல் நிறமானதும், தாழம்பற்றைக்குப் பின்னால் நிலம் கொஞ்சம் மேடாக இருப்பது போலத்தான் தெரிந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் போதவில்லை.

திறப்பு விழாவுக்கு முன் மண்டபத்துக்குள்ளேயே கூட்டம் வைத்தார்கள்.

“வள்ளத்திலை நிண்டு தேடினன்” என்றார் தலைவர். “எங்கடை மண்டபம் எனக்கே தெரியேல்லை.”

பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

“சிரியாதேங்கோ ஐயா. எனக்குத் தெரியாட்டிப் பரவாயில்லை. மேலை பொம்மர் பிளேனிலை சுத்துறவன் என்ன நினைப்பான்? பனைக்குள்ளை என்னத்தையோ ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள் எண்டெல்லோ நினைப்பான்.”

“சவர்க்காரத்தை ஒளிச்சு வைச்ச முதல் ஊர் நாங்களாத்தான் இருப்பம்” என்றாள் ஒரு பெண். இரண்டு பிள்ளைகளோடு இடம்பெயர்ந்து வந்து சவர்க்காரம் காய்ச்சி விற்பவள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

மண்டபத்தைச் சுற்றி நின்ற பனைகளை வெட்டவேண்டும், கூரையை வெள்ளையாக்கவேண்டும் என்றார்கள். சாதாரணச் சனத்தின் இடம் என்று மேலே இருப்பவனுக்குத் தெரியவேண்டுமாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “வெள்ளைக் கூரையிலை குண்டு விழேல்லையோ? கோயிலிலை விழேல்லையோ?”

“விழுந்ததுதான்” என்றார் சுவாமியார்.

“பனைக்குக் கீழை இருந்த வீடுகளிலை விழேல்லையோ?” என்று தலைவர் திருப்பிக் கேட்டார்.

அதிலும் விழுந்திருந்தது. குண்டு போடுகிறவனின் மனதை வைத்துக் கட்டிடம் வரைய எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்கவில்லை.

சவர்க்காரக்காரி மெதுவாகச் சொன்னாள். “ஐயா, உங்கடை மண்டபம் வடிவுதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பிள்ளையளோடை நாள் முழுக்க உதுக்குள்ளை நிக்கப்போறது நான். நீங்கள் சைக்கிளிலை ஏறிக் கோப்பாயிலை உங்கடை வீட்டுக்குப் போயிடுவியள்.”

அதற்குமேல் நான் என்ன வாதாடுவது? எந்தெந்தப் பனை என்று நானே சுண்ணாம்பால் அடையாளம் போட்டேன். வேறு ஆளை விட்டால் எல்லாவற்றையும் வெட்டிவிடுவான் என்ற பயம். வெட்டிய குற்றிகளில் கொஞ்சத்தை வைத்துப் பக்கத்திலேயே குண்டுக்குப் பதுங்க ஒரு பங்கர் அமைத்தார்கள். மிச்சத்தை அன்றைக்கே வீட்டுப் பங்கர்களுக்கு என்று இழுத்துக்கொண்டு போனார்கள். நிவாரண மாப் பைகளைத் தைத்து இணைத்து, சுண்ணாம்பு பூசி, கூரைமேல் கயிறு போட்டுக் கட்டினார்கள். வருத்தக்கார மாட்டுக்குச் சாக்குப் போர்த்தியது போல் இருந்தது.

திறப்பு நாளில் நல்ல சனம். டைனமோ ரேடியோவைச் சுற்றி நெரிசல். அப்போது வானத்தில் பொம்மர் இரைச்சல் கேட்டது.

ஒருவர்கூட அந்த வெள்ளைக் கூரைக்குக் கீழே நிற்கவில்லை. சுவாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். சவர்க்காரக்காரி ஒரு பிள்ளையை இடுப்பிலும் மற்றதைக் கையிலுமாக இழுத்துக்கொண்டு ஓடினாள். தலைவர் எனக்கு முன்னால் ஓடிப் பங்கருக்குள் குதித்தார். நான் அவர்மேல் விழுந்தேன். பொம்மர் இரண்டு தரம் சுற்றியது. பிறகு வேறெங்கோ போய்க் குண்டு போட்டது. நிலம் அதிர்ந்து எங்கள் தலையில் மண் கொட்டியது.

வெளியே வந்ததும் தலைவர் சாரத்தைத் தட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

“பாத்தீங்களே ஐயா? வெள்ளையாலைதான் தப்பினம்.”

அந்த வெள்ளையில் வைத்த நம்பிக்கை அவரை எவ்வளவு வேகமாகப் பங்கருக்கு ஓடவைத்தது என்று கேட்க வாய்வரை வந்தது. ஆனால் அலுத்துவிட்டது. வாதாடி நான் வென்றாலும் வெட்டிய பனை வெட்டியதுதான்.

“ஓம்” என்றேன்.