நட்டத்துலயும் பாதி

எங்க அக்கா பாத்திமுத்து ஷேர் மார்க்கெட்டுல சூதாடுறாளாம். போத்தனூருல பாதிப் பேரு இதத்தான் பேசிட்டிருக்காங்க. பேசட்டுமுங்க, பேசறதுக்கென்ன, வரியா கட்டறாங்க? நான் ரம்ஷா, அவ கூடப் பொறந்த தங்கச்சி. நடந்ததச் சொல்லிபோடறேன். சூதாடுனது யாருன்னு அப்புறம் நீங்களே சொல்லுங்க.

அக்கா ஊட்டுக்காரரு, எங்க மச்சான், ரயில்வேயில இருந்தாரு. அவரு மௌத்தாப் போயி அக்கா தனியானதும் வந்த பணத்த அக்கா பேங்குல போட்டு வெச்சா. எங்க சனத்துல வட்டி ஆகாதுங்க. ஆனா பேங்குல போட்டா வட்டி வந்துருதே, என்ன பண்றது? அத ஊட்டுக்குள்ள கொண்டாராம, நன்மையும் எதிர்பாக்காம, பொதுக் காரியத்துக்குக் குடுத்துருவோம். அக்காவோட வட்டியில எங்க தெரு பொதுக் கக்கூசுக்குக் கதவு மேல கதவா மாத்தியாச்சு. கதவு புதுசாயிட்டே இருக்குது, அக்கா பணம் மட்டும் போட்டபடியே கெடக்குது.

அவளுக்கு இடியாப்பம் அவிச்சு ஓட்டலுகளுக்குப் போடற பொழப்பு. அரிசி வெல ஏறுனா மொதல்ல அவளுக்குத்தான் சுடும். ஒரு நா சொன்னா, "ரம்ஷா, பணம் கொறையலடி. அது வாங்கற அரிசி கொறைஞ்சுட்டே போகுது. இப்படியே போனா நான் கடை வெச்ச மாதிரித்தான்." ஸ்டேஷன் ரோட்டுல தன் பேருல ஒரு கடை, மேல ஒரு ரூம். அதாங்க அவளுக்கு வேணும். மச்சான் போனதுலருந்து எங்கண்ணன் அமீர் ஹம்சா ஊட்டு மாடியிலதான் இருந்தா. அண்ணன் கெட்டவரில்ல. ஆனா தண்ணி மோட்டார் போடறதுன்னாக்கூட அவரு கிட்ட கேட்டுட்டுத்தான் போடோணும்.

ஷேருல போடலாமான்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்து கிட்டயே கேட்டுபோட்டா. சாராயம், வட்டிக்கடை மாதிரி தொழிலு இருக்கக் கூடாது, கம்பெனி கடன்ல முழுகியிருக்கக் கூடாது, லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் நானும் கூட்டாளின்னு ஏத்துக்கோணும், அப்படீன்னா அது வியாபாரந்தான்னு அவரு சொன்னாராம். அக்கா ஆதாரு, பான் கார்டெல்லாம் குடுத்து டீமேட் கணக்கு தொறந்தா. வாங்குன பங்கெல்லாம் அவ பேருல அதுலதான் இருக்கும்.

மொதல் தடவ பண்ணுனது கிறுக்குத்தனமுங்க. மச்சான் மாட்டுன மோட்டாரு இன்னும் ஓடுதேன்னு அதே பம்பு கம்பெனியில பெரிய தொகையா ஒட்டுக்காப் போட்டுட்டா. அந்த வருசம் பாத்து மழை பேஞ்சு தள்ளுச்சு. வெவசாயம் பண்ற காட்டுக்காரங்க யாரும் மோட்டாரு வாங்கல, ஷேரு வெல எறங்கிப்போச்சு. நான் திட்டுன திட்டு இருக்கே! "திட்டாதடி, இனிமே பிரிச்சுப் போடறேன்"ன்னா. அப்புறம் மிச்சமிருந்த பேங்குப் பணத்த மாசாமாசம் கொஞ்சமா எடுத்து நூல் மில்லு, மருந்து கம்பெனி, மறுபடி பம்புன்னு வாங்குனா. மாவுக்கு, ஆஸ்பத்திரிக்குன்னு கைச்செலவுப் பணத்துல மட்டும் கைய வெக்கல.

இந்த வருசம் மார்க்கெட்டே மொத்தமா உழுந்துச்சு. எங்கயோ சண்டைன்னாங்க, யாரோ வரி போட்டுட்டாங்கன்னாங்க. அக்கா போனத் தொறந்தா எல்லாம் செகப்பு. அந்த வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிஞ்சு சாப்பாட்டுக்கு எல்லாரையும் அண்ணன் கூப்பிட்டாரு. அண்ணியோட தம்பி தாரிக்கும் வந்திருந்தான், அத்தரும் சிரிப்புமா. அப்பவே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

பிரியாணி எறங்கறதுக்குள்ள அண்ணன் ஆரம்பிச்சாரு. "பாத்தியாம்மா? மூணுல ஒரு பங்கு போச்சு. சூதாட்டம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். மிச்சத்த வித்துட்டு தாரிக்கு கிட்ட குடு. நம்மாளுக நடத்தற கம்பெனி. ஹலாலு."

"மாசாமாசம் நூத்துக்கு மூணு ரூவா லாபம் வந்துருமுங்கக்கா. ஒரு மாசம் தவறாது," ன்னான் தாரிக்கு.

"நட்டம் வந்தா, தம்பி?"

"நம்ம கம்பெனியில நட்டமே வராதுங்கக்கா."

"என்ன தொழிலு?"

"எல்லாந்தானுங்க. எடம், தங்கம், வெளிநாட்டு யாவாரம்…"

அக்கா கை கழுவிட்டு வந்து உக்காந்தா. "நட்டமே வராது, மாசாமாசம் ஒரே தொகை. இது பேருதான் வட்டின்னு சின்னதுலருந்து எனக்குச் சொல்லிக்குடுத்தது நீங்கதானுங்கண்ணே. பேர மாத்திபோட்டா ஹலாலாயிருமா? அந்தக் கதவுக்குப் போன பணத்த நான் தின்னுருக்கலாமே?"

அண்ணனுக்கு மூஞ்சி செவந்துபோச்சு. ஆளு சேத்துனா அவருக்கும் கமிஷன் உண்டுன்னு அண்ணி அடுப்படியில என்கிட்ட முன்னாலயே சொல்லியிருந்தாங்க. நான் வாயத் தொறக்கப் போனேன், அக்கா என் தொடையில ஒரு கிள்ளு கிள்ளுனா.

"சரி, சூதாட்டத்துலயே இருக்கறயா?"ன்னாரு அண்ணன்.

"பம்பு ஓடுது, மில்லு ஓடுது, சனம் மாத்திரை திங்குது. வெலதான் எறங்கிருக்குது, என் பங்கு எங்கயும் போகல," ன்னு சொல்லிட்டு போன எடுத்தா. மார்க்கெட்டு மூடறதுக்கு நேரம் இருந்துச்சு. அத்தன பேரு முன்னால, அந்த மாசத்துக்கு வாங்க வேண்டியத வாங்கிபோட்டா. எனக்குக் கைதட்டணும்போல இருந்துச்சுங்க.

அண்ணன் எந்திரிச்சாரு. "என் ஊட்டுல இருக்கறவ என் பேச்சக் கேக்கோணும். ஒண்ணு வித்துட்டு வா, இல்ல எடத்தப் பாரு."

"எடமே பாத்துக்கறனுங்கண்ணே," ன்னா. அவ்வளவுதான். அன்னிக்கு சாயந்தரமே இட்லிக் குண்டா, இடியாப்பத் தட்டு, ஒழக்கு எல்லாத்தையும் ஆட்டோவுல ஏத்திட்டு என் ஊட்டுக்கு வந்துட்டா. வந்து அழுதா. அழுகறதுல ஒண்ணும் குத்தமில்லீங்க. ஆனா "வித்துட்டு அண்ணன்கிட்டயே போயிரட்டுமா"ன்னு ஒரு வார்த்த வரல.

ஸ்டேஷன் ரோட்டுல மேல ஒரு ரூமோட வாடகைக்குக் கடை இருந்துச்சு, ஆனா பேங்குல இருந்ததெல்லாம் ஷேருக்கே போயிருந்துச்சு, அட்வான்ஸுக்குப் பணமில்ல. இந்த வெலைக்கு ஷேர வித்தா நட்டம் நெசமாவே கைக்கு வந்துரும். கைச்செலவுப் பணத்த எடுத்தா நாளைக்கு மாவு இல்ல. நான் என் வளையலக் கழட்டுனேன். அடகு வெச்சா வட்டி கட்டோணும், அதனால வித்தே போட்டேன். என் ஊட்டுக்காரரு மொறைச்சாரு. மொறைக்கட்டும், பொறந்த ஊட்டுல எங்கத்தா போட்ட வளையலு.

பணத்தக் குடுத்தா அக்கா கைய நீட்டல. "கடனா வேண்டாம் ரம்ஷா. பங்காப் போடு. லாபத்துல பாதி உனக்கு. நட்டத்துலயும் பாதி உனக்கு. சம்மதமா?"

"சம்மதந்தான், புடி!"ன்னேன்.

கடையத் தொறந்த மொத மாசம் அடைமழை, ஓட்டலுகளுக்கும் ஆளு வரல, கடைக்கும் வரல. அக்கா கணக்கோட வந்து நின்னா. "இந்த மாசம் நட்டம். உன் பாதியக் குடு." வளையலும் போயி இதுவேறயான்னு கத்துனேன். "ஒத்துக்கிட்டியா இல்லியா?"ன்னா. குடுத்துத் தொலச்சேன். அடுத்த மாசம் லாபம் வந்துச்சு, அதே மூஞ்சியோட பாதிய எண்ணி வெச்சா. அவ ஷேரெல்லாம் இன்னும் வாங்குன வெலைக்கு வரலீங்க. அவ போனத் தொறந்து பாக்கறதே மாசத்துக்கு ஒரு தடவதான்.

போன வாரம் அண்ணன் கடைக்கு வந்தாரு. தேங்காப்பால் ஊத்தி இடியாப்பம் தின்னாரு. "ஊட்டுக்கே வந்துரும்மா. சனம் என்னையத்தான் கேக்குது. கடையெல்லாம் எதுக்கு, மாசாமாசம் நானே ஒரு தொக குடுத்தர்றேன்," ன்னாரு.

அக்கா தட்ட எடுத்துட்டே சொன்னா, "மாசாமாசம் ஒரே தொகைன்னா எனக்கு ஆகாதுங்கண்ணே. வேணும்னா நீங்களும் பங்கு போடுங்க. நட்டத்துலயும் உண்டு. வெடியால எந்திரிச்சு மாவு பெசைய வந்துரோணும்."

அண்ணன் எந்திரிச்சு கை கழுவுனாரு. தின்னதுக்குக் காசு வேண்டாம்னு அக்கா சொல்லுவாளோன்னு ஒரு நிமிசம் நின்னு பாத்தாரு. அக்கா கைய நீட்டுனா. நானும் வேண்டாம்னு சொல்லலீங்க. அதுல பாதி என்னுது.